வீட்டுச் சட்டி

பெரணி ஓடை, கிப்ஸ்லாந்துக் காடு
1881 மார்ச் 27

அக்கா கெசியாவுக்கு,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. யாரிடமும் காட்டாதே.

உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். டிகரி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு முதுகில் ஒன்று வாங்கினான். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு பால் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே தாளைப் பற்றி எனக்குப் பயமில்லை. விளக்கைப் பற்றித்தான் பயம். கிண்ணத்தில் ஆட்டுக் கொழுப்பு எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று காலையில் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். எலி குடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகுதான் நினைவு வந்தது, இந்த வீட்டில் எலி என்ற வார்த்தையையும் சொல்லக் கூடாது.

நீ போன பிறகு எதுவும் மாறவில்லை. மழை நிற்கவில்லை. துணி காயவில்லை. போர்வையில் நாய் நாற்றம் அடிக்கிறது, நம்மிடம் நாயே இல்லை. நேற்றுக் காலையில் ஜேகோ ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் அழுதான். இமைக்கு உள்ளே அட்டை. அம்மா அவனை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, உப்புத் தண்ணீரைக் கண்ணில் விட்டு, விரல் நகத்தால் அதை இழுத்தாள். அது நீண்டுகொண்டே வந்தது. அம்மா அதை அடுப்பில் எறிந்துவிட்டு, அதே கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு ரொட்டி மாவைப் பிசையப் போய்விட்டாள். என்னால் அந்த ரொட்டியைத் தின்ன முடியவில்லை. சாயங்காலம் பசி தாங்காமல் தின்றேன்.

இதற்காக எழுதவில்லை. அம்மாவுக்கு ஜூன் மாதத்தில் பிள்ளை பிறக்கப் போகிறது. நீ போகும்போது உனக்குத் தெரிந்திருக்காது. அப்பா சாலை வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறார், குளிர்காலம் முடிந்துதான் வருவார். இந்த மலையில் பிள்ளை எடுக்கத் தெரிந்தவள் ஹாக்கடே அத்தை ஒருத்தி. அவள் இப்போது சபைக்குப் போகும் வழியில் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மற்ற பெண்களும் அப்படித்தான். முன்பெல்லாம் ஒருத்திக்கு மாதம் ஏறினால் ஆளுக்கு ஒரு கோழியோ பழந்துணியோ கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சபைத் தேநீர்க் கூட்டத்தில் நீ அப்படிச் சொன்ன நாளிலிருந்து யாரும் வரவில்லை.

"யாரும்மா வருவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு வரணும்? நீ இருக்கல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"கன்னுக்குட்டி வெளிய வர்றதப் பாத்திருக்கல்ல? அதே தான். என்ன, நான் ஒதைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் மரப் பெரணிகளுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எனக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிறது, அக்கா. நான் ஏதாவது தவறாகச் செய்து அம்மா செத்துப்போனால் டிகரியும் ஜேகோவும் என்னைத்தான் பார்ப்பார்கள். நீ வா. சேறு ஏறி வழி அடைபடுவதற்கு முன் வா.

பள்ளிக்குப் போகும் வழியில் சுமைக்குதிரைக்காரர் மக்ரேயிடம் இதைக் கொடுக்கிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

உன் தங்கை
தீர்ஸா

---

மெல்பர்ன், கார்ல்டன்
1881 ஏப்ரல் 10

தீர்ஸா,

உறையைப் பிரித்ததும் ஆட்டுக் கொழுப்பு நாற்றம். அந்த வீட்டை விட்டு வந்து ஆறு மாதமாகிறது, ஒரு நொடியில் அப்படியே மூக்கில் ஏறிவிட்டது. அடுத்த முறை பகலில் எழுது.

நான் வரமாட்டேன்.

நீ நினைக்கிற மாதிரி இங்கே நான் ராணியாக இல்லை. இந்த விடுதியில் பதினொரு ஆண்கள் தங்கியிருக்கிறார்கள். காலையில் பதினொரு சிறுநீர்ப் பானைகளைக் கொட்டிக் கழுவுவது என் முதல் வேலை. மூன்றாம் அறைக் கனவான் பல்செட்டைக் குடிதண்ணீர்க் கோப்பையில் போட்டுவைக்கிறார். ஐந்தாம் அறைக்காரர் சுவரில் துப்புகிறார். இருந்தாலும் இது வேறு ஆளுடைய அழுக்கு. கழுவிக் கொட்டினால் போய்விடும். நம் வீட்டு அழுக்கு அப்படிப் போகாது.

ஜேகோ பிறந்த அன்று நீ மாட்டுக் கொட்டகையில் தூங்கினாய். விளக்குப் பிடித்தவள் நான். ஹாக்கடே அத்தை முழங்கை வரை சட்டையை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, "மயக்கம் வந்தா விளக்க கீழ வச்சிட்டு விழுடி. வீடு எரிஞ்சிடும்" என்றாள். எல்லாம் முடிந்த பிறகு நஞ்சுக்கொடியை ஒரு சாக்குத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துப் புதைக்கச் சொன்னார்கள். அந்த மண்ணில் வேரைத் தவிர என்ன இருக்கிறது? ஒரு சாண்கூடத் தோண்ட முடியவில்லை. மறுநாள் பன்றி அதைக் கிளறி எடுத்துவிட்டது. அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பிள்ளை பெற்ற மறுநாள், கையில் பால் வாளியோடு நிற்கிறாள். "போகட்டும், பன்னிக்கும் பசிக்குமில்ல" என்றாள். கிறிஸ்துமஸுக்கு வெட்டியது அந்தப் பன்றியைத்தான். நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாய்.

நான் தேநீர்க் கூட்டத்தில் சொன்னது பொய்யில்லை. பால் தட்டில் எலி செத்து மிதந்தது. அம்மா அதை வாலைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு விரலால் அதன் முதுகை வழித்து, ஒட்டியிருந்த பாலேட்டைத் தட்டிலேயே விட்டாள். அப்புறம் சபைக்கு வெண்ணெய் போகிறது, மேலே பெரணி இலை அச்சோடு. எல்லோரும் ஆஹா என்கிறார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. அதற்காக அவள் வெண்ணெய் தட்டும் பலகையால் என் முகத்தில் அடித்தாள், அத்தனை பேர் முன்னால். அந்தப் பலகையின் வரிகள் என் கன்னத்தில் மூன்று நாள் இருந்தன.

இன்னொன்று கேள். மிசஸ் டன்னேஜ், இந்த விடுதிக்காரி, மக்ரேயின் அக்கா. அதனால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அங்கே கடைக்காரர் நம் வெண்ணெயை வண்டி அச்சுக்குப் பூசக்கூட வாங்கமாட்டேன் என்றதும் மக்ரே அதை நேராக இங்கே கொண்டுவருகிறார். பீப்பாயைத் திறந்தால் மேலே அதே பெரணி இலை. மிசஸ் டன்னேஜுக்கு மலிவாகக் கிடைக்கிறது, வாயெல்லாம் பல். பதினொரு பேரும் அள்ளிப் பூசித் தின்கிறார்கள். நான் வெறும் ரொட்டி தின்கிறேன். வந்த நாளிலிருந்து வெறும் ரொட்டிதான்.

நீயே போய் ஹாக்கடே அத்தையைக் கூப்பிடு. அவள் கோபம் என் மேல், உன் மேல் இல்லை.

கெசியா

---

பெரணி ஓடை
1881 ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி போனேன். ஓடையில் ஒற்றை மரப் பாலம் நனைந்து வழுக்கியது, உட்கார்ந்தே நகர்ந்து கடந்தேன். அத்தை பன்றித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"யாரு, எலிக்காரி மகளா?"

"அத்தை, அம்மாவுக்கு ஜூன்ல..."

"எனக்கும் கண்ணு இருக்கு. அவ நடக்கறதப் பாத்தாலே தெரியுது."

"நீங்க வரணும், அத்தை."

"அவ கேட்டனுப்பினாளா?"

"இல்ல."

"அதானே! வாயில வெண்ணெய வச்சா உருகாது அவளுக்கு, அவ்வளவு திமிரு." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நான் அன்னிக்கு ரெண்டு துண்டு தின்னிருந்தேன், தெரியுமா? ரெண்டு! உங்கக்கா வாயத் தொறந்ததும் போதகர் காலடியிலேயே வாந்தி எடுத்துட்டேன். புது பூட்ஸு அவருக்கு. எத்தனையோ வருஷமா சபையில முதல் குரல் நான் பாடறேன். இப்ப நான் பாட எழுந்தா பின்வரிசைப் பசங்க கீச் கீச்ங்கறானுங்க. உங்க வீட்டு வாசப்படிய நான் மிதிக்கணுமா?"

"அம்மா செத்துப் போயிடுவாங்க."

"சாக மாட்டா. எலி வெண்ணெய் தின்னு வளந்த உடம்பு." தொட்டித் தண்ணீரை என் காலடியில் ஊற்றினாள். "போ, இருட்டப் போகுது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பூட்ஸைப் பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம்தான் செம்மண், நான் அதை மறந்துவிட்டேன்.

"பிச்சை கேக்கப் போனியா?"

நான் குனிந்து பூட்ஸிலிருந்த செம்மண்ணைச் சுரண்டினேன்.

"பெத்துக்கப் போறது நான். நடுங்கறது நீ. என்ன கணக்குடி இது?" என்றாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி சொல்லப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குளிர் தொடங்கிவிட்டதால் எலிகள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டன. வியாழக்கிழமை காலையில் நான் பால் அறைக் கதவைத் திறந்தேன். கடைசித் தட்டில் ஒன்று மிதந்தது. வயிறு ஊதி, கால்கள் நான்கும் விரிந்து, மீசையில் பாலேடு. நான் அலறினேன். அம்மா வந்தாள். நீ சொன்ன அதே மாதிரி வாலைப் பிடித்துத் தூக்கினாள், அதே மாதிரி இரண்டு விரலால் வழித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொற. வீட்டுச் சட்டிய எடு," என்றாள்.

வீட்டுச் சட்டி உனக்குத் தெரியும். விளிம்பு உடைந்த அந்தப் பழுப்புச் சட்டி, நாம் தினமும் ரொட்டிக்கு வெண்ணெய் எடுப்பது. அம்மா மற்றத் தட்டுகளின் பாலேட்டைக் கடையும் பீப்பாயில் ஊற்றினாள். எலி விழுந்த தட்டில் இருந்ததை மட்டும் தனியாக வாளியில் ஊற்றி என்னிடம் தள்ளினாள். மரக் கரண்டியால் அடிக்கச் சொன்னாள். வெண்ணெய் திரண்டதும் உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள், பிறகு கை நிறைய உப்பைப் போட்டுச் சட்டியில் அழுத்தினாள்.

"அம்மா, இது நமக்கா?"

"பின்ன யாருக்கு?"

"பன்னிக்குப் போட்டுடலாமே."

"பன்னிக்கு மோர் இருக்கு. உங்களுக்கு? குளிர்ல புள்ளைங்க வயித்துல கொழுப்பு இல்லன்னா இருமியே சாகும். நல்லத உங்களுக்குப் போட்டா விக்கறதுக்கு எங்க போறது?"

"போன வருஷமும் இப்படித்தானா?"

"எந்த வருஷமும் இப்படித்தான். வித்த வெண்ணெயில ஒரு முடி இருந்தா காட்டச் சொல்லு. அது மேல என் அச்சு இருக்கு."

"அப்போ சபைக்குக் குடுத்தது?"

"நல்லதுல நல்லது. அது அவங்களுக்கு. இது உங்களுக்கு."

"ஏம்மா அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லல? அக்கா சொன்னப்ப ஏன் சொல்லல?"

அம்மா சட்டிக்கு மேல் ஈரத்துணியைக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். "என்னன்னு சொல்றது? உங்களுக்கு நல்லதுதான் குடுத்தேன், எலி விழுந்தத என் புள்ளைங்களுக்குப் போட்டேன்னா? ஊருக்கே அழுக்குக்காரின்னு பேரு வந்தா வரட்டும். அந்தப் பேரு வேண்டாம்."

அக்கா, சபைக்குப் போனது சுத்தமான வெண்ணெய். எலியைத் தின்றது நாம்தான். நீயும் நானும் டிகரியும் ஜேகோவும். ஒவ்வொரு வருஷமும். நான் இரண்டு நாள் எதுவும் தின்னவில்லை. இன்று ரொட்டியில் அந்தச் சட்டி வெண்ணெயைப் பூசிக் கொடுத்தாள். ஜேகோ நக்கி நக்கித் தின்றான். அவனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது, அவன் என் தம்பி.

இங்கே யாரும் வரமாட்டார்கள். ஜூன் வந்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

தீர்ஸா

---

கார்ல்டன்
1881 மே 8

தீர்ஸா,

உன் கடிதத்தைப் பின்கட்டில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் சாக்கடையில் குனிந்தேன். ஐந்தாம் அறைக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பொண்ணு, நேத்து ராத்திரி கொண்டாட்டமா?" என்றார். அவர் துப்புகிற சுவரை நான்தான் கழுவுகிறேன் என்பது அந்த ஆளுக்குத் தெரியாது போலிருக்கிறது.

அந்தச் சட்டியைச் சுரண்டித் தின்றவள் நான். உனக்கு நினைவிருக்கிறதா? "விக்கறத விட இதுதாம்மா ருசி" என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு துண்டு ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். இன்று காலை முழுவதும் அந்த ரொட்டித் துண்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசாமல் வெட்டிக் கொடுத்தாள்!

இதனால் அவள் நல்லவளாகிவிட்டாள் என்று எனக்கு எழுதாதே. எனக்கு இப்போது அருவருப்பு இரண்டு மடங்கு. ஊரான் வாய்க்குச் சுத்தம், பெற்ற பிள்ளை வாய்க்கு எலி. அந்த அச்சின் மேல் அவளுக்கு இருக்கிற வெறியைப் பார். அப்பா ஒரு மழைக்காலத்தில் சும்மா உட்கார்ந்து செதுக்கிய மரத்துண்டு அது.

ஆனால் உன்னை அங்கே விட முடியாது. கோழியின் குடலை எடுத்தாலே மயங்கி விழுகிறவள் நீ. விளக்கைக்கூடக் கீழே வைக்கமாட்டாய், வீட்டைக் கொளுத்திவிடுவாய்.

மிசஸ் டன்னேஜிடம் கேட்டேன்.

"போகணும்னா போ. ஆனா உன் எடத்துல ஒரு ஆள வச்சிட்டுப் போ. இல்லன்னா திரும்பி வராத," என்றாள்.

"என் தங்கச்சி இருக்கா."

"வயசு?"

"பதினஞ்சு," என்றேன். நீ உயரம், நம்பிவிடுவாள்.

"வாய் எப்படி?"

"இருக்கறதே தெரியாதும்மா."

"அப்ப உன்ன விடத் தேவலாம்," என்றாள் அந்தக் கிழவி.

ஜூன் முதல் வாரத்தில் மக்ரே குதிரைகளோடு இறங்கும்போது நீயும் அவரோடு வாரகல் ரயிலடிக்கு வந்துவிடு. நான் அங்கே இருப்பேன். நீ என் வண்டியில் ஏறு, நான் உன் குதிரையில் ஏறுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே, விடமாட்டாள். பள்ளிக்கூடம் எங்கேயும் போகாது. உன் வாத்தியார் பாதி வாரம்தானே அங்கே வருகிறார்.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அது தெளிவாக இருக்கட்டும்.

கெசியா

---

கார்ல்டன்
1881 ஜூன் 12

அன்புள்ள அக்கா,

உன் மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் இரவில்தான். மிசஸ் டன்னேஜுக்கு எழுத்துத் தெரியும், அதனால் இங்கே தாளைப் பற்றியும் பயம்.

ரயிலடியில் நீ என்னிடம் இரண்டு வார்த்தைகூடச் சரியாகப் பேசவில்லை. உன் கை எப்படி வெடித்துப்போயிருந்தது! இப்போது என் கையும் அப்படித்தான் ஆகிறது, பானை கழுவும் சோடாவில். நீ கேட்காததால் அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். நான் விடியும் முன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினேன். அம்மா வெளிக்கதவில் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். அவள் ஒரு துணி முடிச்சை நீட்டினாள். உள்ளே கிழங்கு வைத்துச் சுட்ட அப்பம், இன்னும் சூடாக.

"கொழுப்பு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு," என்றாள். "எலி குடிச்சா விரல்ல மை ஒட்டாதுடி."

அவ்வளவுதான் சொன்னாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மக்ரேயின் குதிரையில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் ஓடையைத் தாண்டியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதை நான் பார்க்க வேண்டியதில்லை, கையால் தொட வேண்டியதில்லை என்று சந்தோஷம். பிள்ளை பெறப் போகிறவளை விட்டுவிட்டுச் சந்தோஷப்படுகிறேன். மூன்றாம் அறைப் பல்செட்டைப் பார்த்தால் வராத குமட்டல் அதை நினைத்தால் வருகிறது.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. இருமல் சத்தம் கேட்டால்கூட அம்மா அழைப்பது போல எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

தீர்ஸா

---

பெரணி ஓடை
1881 ஜூன் 26

தீர்ஸா,

உயிரோடு இருக்கிறாள். பெண் பிள்ளை. இனி நிம்மதியாக மற்றதைப் படி.

வந்த அன்று என்னைப் பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "பூட்ஸ வெளிய கழட்டு, அட்டை உள்ள வந்துரும்." எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிற மகளிடம். நானும் கழற்றினேன். இரண்டு அட்டை இருந்தன.

அவளைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, என்னால் தனியாக முடியாது. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. முகம் மெழுகு. ஹாக்கடே அத்தை வராவிட்டால் சாவுதான். கெஞ்சினால் வரமாட்டாள், நீயே பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து தேநீர்க் கூட்டம். நான் வீட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பின்வரிசையில் ஒருவன் கீச் என்றான். நான் சட்டியை அத்தையின் முன்னால் மேசையில் வைத்தேன், துணியை அவிழ்த்தேன்.

"அத்தை, இது தான் எலி விழுந்தது. எங்க வீட்டுச் சட்டி. அன்னிக்கு நீங்க தின்னது நல்லது. எலி விழுந்தத தனியாக் கடைஞ்சு எங்கம்மா எங்களுக்குப் போட்டுச்சு. வருஷா வருஷம்."

"பொய்யி," என்றாள் அத்தை.

"பொய்யா?" என்று ஒரு ரொட்டித் துண்டை எடுத்தேன். விரல் தடிமனுக்குப் பூசினேன். நீ இந்த இடத்தைப் படிக்க வேண்டாம் என்று நினைத்தால் தாண்டிப் போ. உப்பு அதிகம், அடியில் லேசான காறல். வாயெல்லாம் எச்சில் ஊறி மேலே வந்தது. அத்தனை பேரும் என் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினேன். அடுத்த கடி. அதையும் விழுங்கினேன். போதகர் தன் பூட்ஸை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"போதும், நிறுத்துடி," என்றாள் அத்தை. முகம் பச்சையாக இருந்தது. சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் சுத்தமானதத் தின்னுட்டா அன்னிக்கு அப்படி எடுத்தேன்?"

"ஆமா."

"கர்த்தரே!" புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எத்தனை நாள் இருக்கு அவளுக்கு?" என்றாள்.

"இன்னிக்கோ நாளைக்கோ. கால் வீங்கிக் கெடக்கு."

"மடச்சி, அத மொதல்ல சொல்றதுக்கென்ன? சட்டிய மூடு." தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவே வலி கண்டது. நீ கேட்கவேண்டாம், நான் எழுதவும் மாட்டேன். பிள்ளை கால் முதலில் வந்தது, அத்தை கையை உள்ளே விட்டுத் திருப்பினாள், அவ்வளவு போதும். விடிந்தபோது என் சட்டை, தரை, அத்தையின் தலைமுடி எல்லாம் ஒரே நாற்றம். நானிருந்தது நல்லதாயிற்று. நீ இருந்திருந்தால் எரிந்துபோயிருக்கும் வீடு. நஞ்சுக்கொடியை இந்த முறை நானே அடுப்பில் போட்டு, சாம்பலாகும் வரை நின்று பார்த்தேன். பன்றி கதவுக்கு வெளியே நின்று முகர்ந்தது.

அம்மா நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். அத்தை சட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"வீட்டுச் சட்டிய ஊர் நடுவுல கொண்டுபோய் வச்சியா?"

"வச்சேன்."

"என் மானத்த ரெண்டாவது தடவ வாங்கிட்ட."

"நீ உயிரோட இருக்கல்ல? திட்டு."

கையை ஓங்கினாள். முடியவில்லை, கை கீழே விழுந்துவிட்டது. "தின்னியாமே," என்றாள் பிறகு.

"தின்னேன்."

"காறலா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இன்னொரு தடவ கழுவியிருக்கணும்," என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் மறுபடி நம் வெண்ணெயை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். அம்மா முடியாது என்றுவிட்டாள். மக்ரேயிடம்தான் கொடுப்பாளாம், டன்னேஜ் வீட்டுக்குத்தானாம். "அவரு வண்டி அச்சுக்கு வேற எதையாவது பூசிக்கட்டும்," என்றாள். ஏன் அந்த வீடு என்று நான் கேட்கவில்லை. இத்தனை மாதமும் நல்லதில் நல்லதை அந்த விடுதிக்கு அனுப்பியிருக்கிறாள், அங்கே நான் வெறும் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன்.

பசு இரண்டுதான் கறக்கிறது. அம்மாவால் குனிய முடியவில்லை, எல்லாம் நான். நேற்று மறுபடி ஒன்று விழுந்திருந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினேன். அப்புறம் என்ன செய்தேன் என்று நீ கேட்காதே.

இந்தக் கடிதமும் ஒரு பீப்பாயும் மக்ரேயோடு வருகின்றன. இதுதான் கடைசி நடை, வழி முழுவதும் குதிரையின் வயிறு வரை சேறு. வசந்தம் வரை நீ அங்கேதான். பானைகளைக் கழுவ வெந்நீர் எடு, பச்சைத் தண்ணீரில் நாற்றம் போகாது.

கெசியா

---

கார்ல்டன்
1881 ஜூலை 3

அன்புள்ள அக்கா,

வழி அடைபட்டுவிட்டது என்று தெரியும். இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வருமோ. இருந்தாலும் எழுதுகிறேன்.

பீப்பாய் வெள்ளிக்கிழமை வந்தது. மிசஸ் டன்னேஜ் என்னைத்தான் மூடியைத் திறக்கச் சொன்னாள். துணியை எடுத்தேன். பெரணி இலை, ஒவ்வொரு நரம்பும் தெளிவாக. அச்சை நேராக அழுத்தியிருக்கிறாய், அம்மாதான் எப்போதும் சற்றுச் சாய்த்து அழுத்துவாள். மஞ்சள் நிறம், தண்ணீர்ச் சொட்டு இல்லை, வாசனை இல்லை. நான் குனிந்து, கண்ணை ஒட்டவைத்து, ஒரு முடியாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

காலை உணவுக்கு எல்லோரும் பூசித் தின்றார்கள். பல்செட்டுக் கனவான் கத்தியையும் நக்கினார். ஐந்தாம் அறைக்காரர் பாதிக்கு மேல் தட்டில் மிச்சம் வைத்துவிட்டு, அதன் மேல் சுருட்டை அணைத்தார். அந்தத் தட்டை நான்தான் கழுவினேன். வெண்ணெய் வெந்நீரில் உருகி, சாம்பலோடு கலந்து, சாக்கடையில் மிதந்து போனது. அன்று மரப் பெரணிகளுக்குப் பின்னால் வந்ததைவிட அதிகமாக எனக்குக் குமட்டியது.

சமையலறையில் மிசஸ் டன்னேஜ் எனக்கு ஒரு துண்டு ரொட்டியில் பூசி வைத்தாள். அன்று அவளுக்கு நல்ல மனம். நான் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றேன். எலி இருக்கும் என்று இல்லை, அக்கா. ஜேகோ நினைவுக்கு வந்தான், நக்கி நக்கித் தின்றது. புதுப் பிள்ளைக்கும் பல் முளைக்கும்.

"இதென்னடி கூத்து!" என்றாள் மிசஸ் டன்னேஜ். "உங்கக்காவும் இதே கூத்துதான். வெண்ணெய் போடறவ வீட்டுப் புள்ளைங்க, வெண்ணெயத் தொட மாட்டேங்குதுங்க. நீங்கள்லாம் வெண்ணெயே தின்ன மாட்டீங்களா?"

"தின்போம்மா," என்றேன். "வீட்ல தின்போம்."

தீர்ஸா